தீவுக்குப் போனவர்கள்

தீவைப் பற்றிய புத்தகம் என்றால் வாசகர்களுக்கு எப்போதுமே ஒரு மயக்கம் உண்டு. ஒரு பெரிய தேசத்தைப் பற்றி எழுதுகிறவன் எவ்வளவு எழுதினாலும் ஏதோ ஒரு மூலையைத்தான் பார்த்து எழுதினான் என்று நமக்குத் தெரிந்திருக்கிறது. சிறு தீவு விஷயம் அப்படியல்ல. காலையில் புறப்பட்டு நடந்தால் பொழுது சாய்வதற்குள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்விடலாம். ஊரில் உள்ள முகங்கள் எல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். ஆகவே எழுதியவன் அதை முழுவதும் பார்த்துவிட்டான், முழுவதும் சொல்லிவிட்டான் என்று நம்ப நாம் தயாராக இருக்கிறோம். எழுதுகிறவனும் பெரும்பாலும் அப்படியே நம்பிவிடுகிறான். தீவுப் பிரயாண நூல்களில் பாதிக்குமேல் கெட்டுப்போவது இந்த நம்பிக்கையால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த நூல்களைத் தரம் பிரிக்க விமரிசகர்கள் கையாளும் அளவுகோல்கள் எனக்குத் திருப்தி தருவதில்லை. வர்ணனை அழகாக இருக்கிறதா, ஹாஸ்யம் இருக்கிறதா, தீவு ஜனங்களிடம் ஆசிரியருக்குப் பிரியம் இருக்கிறதா என்று மூன்று கேள்விகள் கேட்டு மார்க்குப் போட்டுவிடுகிறார்கள். மூன்றும் வேண்டியவைதான். ஆனால் மூன்றும் இருந்தும் ஒரு புத்தகம் நம்மை ஏமாற்றலாம். இவற்றுக்கு முன்னால் வேறு இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். யார் கப்பலில் இவர் வந்தார்? வந்தவரை 'வேண்டாம், போய்விடு' என்று சொல்லக்கூடியவர் அந்தத் தீவில் யாராவது இருந்தார்களா?

இதைச் சொல்ல உலகத்துத் தீவுகளையெல்லாம் சுற்ற வேண்டியதில்லை. ஒரே தீவுக்கூட்டத்தைப் பற்றி, வெவ்வேறு காலத்தில், மூன்று பேர் எழுதிய மூன்று புத்தகங்கள் இருக்கின்றன. மூன்றும் நன்றாகப் படிக்கப்பட்டவை. அவற்றை வரிசையாக எடுத்துக்கொண்டால் போதும்.

பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவில், பூமத்திய ரேகையின் இரு பக்கத்திலும் சிதறிக் கிடப்பது இன்று கிரிபாஸ் என்று வழங்கும் நாடு. 33 தீவுகள். நிலம் எல்லாம் சேர்த்து 811 சதுர கிலோமீட்டர். அந்த நிலத்துக்கு உரிய கடலோ 30 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். ஜனத்தொகை சுமார் 1,20,000. அதில் பாதிக்குமேல் தெற்கு டராவா என்ற ஒடுங்கிய நிலத்துண்டில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறார்கள். பெரும்பாலானவை பவழத் திட்டுகள்; கடல் மட்டத்துக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர் உயரம்; தென்னை, தாழை, மீன். பிரிட்டிஷ்காரர்கள் காலத்தில் இவற்றில் முக்கியமான கூட்டத்துக்கு கில்பெர்ட் தீவுகள் என்று பெயர். 1788-ல் அந்தப் பக்கம் கப்பலில் போன கில்பெர்ட் என்ற மாலுமியின் பெயர் அது. தீவு ஜனங்களின் நாக்கில் கில்பெர்ட்ஸ் என்ற சொல் கிரிபாஸ் ஆயிற்று. 1979-ல் சுதந்திரம் வந்தபோது அந்த உச்சரிப்பையே நாட்டின் பெயராக வைத்துக்கொண்டார்கள். வந்தவன் பெயரைக்கூடத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றித்தான் வைத்துக்கொள்வது என்ற சுபாவம் இதில் தெரிகிறது.

முதலில் வந்தவர் ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன். 'டிரஷர் ஐலண்ட்' எழுதியவர் என்ற அளவில் நம் பள்ளிக்கூடப் பையன்களுக்கெல்லாம் தெரிந்தவர். நுரையீரல் நோய்க்காரர். கடல்காற்று ஒத்துக்கொள்ளும் என்று 1888 ஜூனில் சான் பிரான்ஸிஸ்கோவில் 'காஸ்கோ' என்ற உல்லாசப் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு புறப்பட்டார். மார்க்குவஸஸ், பாமோட்டு, டாஹிட்டி, ஹவாய் என்று சுற்றிவிட்டு, மறு வருஷம் 'ஈக்வேட்டர்' என்ற வேறொரு கப்பலில் கில்பெர்ட் தீவுகளுக்குப் போனார். இது உல்லாசப் படகு அல்ல. கொப்பரை வாங்கிப் போகிற வியாபாரக் கப்பல். இந்த யாத்திரைகளைப் பற்றி அவர் எழுதியவை அவர் இறந்த பிறகு 1896-ல் 'இன் தி ஸவுத் ஸீஸ்' என்ற புத்தகமாக வந்தன.

இந்தப் புத்தகத்தை ஸ்டீவன்ஸனின் ரஸிகர்கள் அவ்வளவாகக் கொண்டாடவில்லை. பத்திரிகைகளுக்குக் கடிதங்களாக எழுதியபோதே வாசகர்கள் முகம் சுளித்தார்கள். அவர் மனைவிக்கும் வருத்தம்தான். கண்ணால் கண்ட வேடிக்கைகளை எழுதாமல், பாஷை, சட்டம், ஜனத்தொகை என்று ஆராய்ச்சி பண்ணுகிறாரே என்று அந்த அம்மாள் குறைப்பட்டுக்கொண்டார். குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. சில அத்தியாயங்கள் கனமாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்தக் கனத்துக்குக் காரணம் இருக்கிறது. மார்க்குவஸஸ் தீவுகளில் ஒரு ஜனக்கூட்டமே நோயிலும் சோர்விலும் செத்துத் தேய்ந்துகொண்டிருந்ததை அவர் பார்த்தார். தம் சொந்த ஸ்காத்லாந்து மலைநாட்டு ஜனங்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் பிடுங்கி எறியப்பட்டார்கள் என்ற நினைவு அவருக்கு வந்தது. தம் ஊர்ப் பழங்கதை ஒன்றைச் சொல்லி, பதிலுக்கு அவர்கள் ஊர்க் கதை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்படிச் சரக்குக்குச் சரக்கு மாற்றிக்கொண்டவனால் வேடிக்கை மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது.

கில்பெர்ட் தீவுகளைப் பற்றிய பகுதிதான் நமக்கு இப்போது முக்கியம். புடாரிடாரி என்ற தீவில் அவர் போய் இறங்கியபோது ஊரே குடித்துக் கிடந்தது. அமெரிக்க சுதந்திர தினத்தைக் கொண்டாடுவதற்காக ராஜா மதுவிலக்கைத் தளர்த்திவிட்டிருந்தார். பிறகு அதைத் திரும்பப் போட அவருக்கு மனமும் இல்லை, தைரியமும் இல்லை. சாராயம் விற்றவர்கள் வெள்ளைக்கார வியாபாரிகள். இருட்டில் ஸ்டீவன்ஸன் இருந்த இடத்தின்மேல் கல் வந்து விழுந்தது. அவர் என்ன செய்தார்? தாம் விக்டோரியா மகாராணிக்கு மிகவும் வேண்டியவர் என்றும், திரும்பிப் போனதும் இந்தத் தீவுகளைப் பற்றி ராணியிடம் சொல்லப்போகிறார் என்றும், தமக்குத் தொல்லை நேர்ந்தால் யுத்தக்கப்பல் வரும் என்றும் ஒரு புரளியைக் கிளப்பிவிட்டார். பச்சைப் பொய். அதை அவரே எழுதிவைத்திருக்கிறார். தம் பத்திரம் எதன்மேல் நின்றது என்பதை மறைக்காமல் சொல்கிறார்: கடலில் எங்கோ இருக்கும் பீரங்கியின்மேல்தான் நின்றது. எத்தனையோ யாத்ரிகர்களின் பத்திரம் அதன்மேல்தான் நின்றிருக்கிறது. ஆனால் அவர்கள் அதைத் தங்கள் புன்னகையின் பலன் என்று எழுதினார்கள்.

அபமாமாத் தீவில் இந்தப் பொய்யெல்லாம் செல்லவில்லை. அங்கே டெம்பினோக் என்று ஒரு ராஜா. மூன்று தீவுகளுக்கு அதிபதி. தீவின் வியாபாரம் முழுவதும் அவர் கையில். கடிகாரம், சங்கீதப் பெட்டி, குடை, தையல் இயந்திரம், நீலக் கண்ணாடி என்று கப்பல்காரர்கள் கொண்டுவந்ததையெல்லாம் வாங்கி வாங்கிக் கிடங்குகளில் அடைத்துவைத்திருந்தார். வெள்ளைக்காரர்களை அவர் மூன்று வகையாகப் பிரித்துவைத்திருந்தார்: கொஞ்சம் ஏமாற்றுகிறவன், நிறைய ஏமாற்றுகிறவன், அளவுக்குமீறி ஏமாற்றுகிறவன். ஏமாற்றாதவன் என்று ஒரு வகை அந்தப் பட்டியலில் கிடையாது. தம் தீவில் வெள்ளைக்காரர்கள் இறங்கித் தங்குவதை அவர் விரும்புவதில்லை. வந்தவர்களை வெளியே அனுப்பியும் இருக்கிறார்.

அப்படிப்பட்டவர் கப்பலுக்கே வந்து ஸ்டீவன்ஸனை உட்கார்த்திவைத்துப் பரீட்சை செய்தார். உடனே பதில் சொல்லவில்லை. காக்கவைத்தார். பிறகுதான் சம்மதம், அதுவும் நிபந்தனைகளோடு. வீடுகள் ராஜா கொடுப்பார். வேலைக்கு ஆள் கொடுப்பார். ஆனால் அவர்களுக்கு உத்தரவு போடுவது ராஜா ஒருவர்தான். தம் சமையல்காரன் ஒருவன் வந்து ஸ்டீவன்ஸனின் சமையல்காரனிடம் தொழில் கற்றுக்கொள்வான். ராஜாவுக்கு இஷ்டப்பட்டபோது சாப்பிட வருவார். வராத நாளில் ஒரு பதார்த்தம் அரண்மனைக்குப் போக வேண்டும். குடிகளுக்குப் பணமோ சாராயமோ புகையிலையோ ஸ்டீவன்ஸன் கொடுக்கக் கூடாது. இந்த ஒப்பந்தத்தின்பேரில் ஏறக்குறைய இரண்டு மாதம் அங்கே தங்கினார். குடியிருப்பைச் சுற்றி ராஜா ஒரு எல்லை வகுத்து, அதைத் தாண்டி யாரும் உள்ளே போகக் கூடாது என்று தடை போட்டார். எல்லையைக் கோடு போட்டுக் காட்டியது விருந்தாளி அல்ல, வீட்டுக்காரர். இதைக் கவனிக்க வேண்டும்.

தீவுப் பிரயாண இலக்கியத்தில் இந்த அத்தியாயங்களுக்கு இணை நான் படித்ததில்லை. அவற்றின் சிறப்பு வர்ணனையில் இல்லை. ஆசிரியரைத் தீவு முதலில் பார்க்கிறது, எடைபோடுகிறது, பிறகுதான் ஆசிரியர் தீவைப் பார்க்கிறார். அந்த வரிசை கடைசிவரை மாறுவதில்லை. ராஜாவின் கண்ணில் தாம் எப்படித் தெரிகிறோம் என்ற யோசனை ஸ்டீவன்ஸனுக்கு எப்போதும் இருக்கிறது. அதனாலேயே அந்த ராஜா ஒரு முழு மனிதனாக நம் முன் நிற்கிறார்: கொடுங்கோலர், கவி, கணக்குப்பிள்ளை, குழந்தை எல்லாமாக.

குறையும் உண்டு. ராஜா நன்றாகத் தெரிகிறார், குடிகள் தெரியவில்லை. துப்பாக்கி பிடித்த ராஜாவின் கீழ் வாழ்ந்த அந்த ஜனங்கள் தென்னைமர நிழலில் உருவமில்லாமல் நடமாடுகிறார்கள். ராஜாவின் எல்லைக்கோடு விருந்தாளியைக் காத்தது; விருந்தாளியின் கண்ணையும் கட்டியது. ஸ்டீவன்ஸனுக்குச் சர்வாதிகாரியிடம் கொஞ்சம் மோகமும் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கண் கட்டப்பட்டது எப்படி என்பதையும் அவரே எழுதியிருப்பதால் நாம் ஏமாறவில்லை.

டெம்பினோக் 1891-ல் இறந்தார். 1892-ல் பிரிட்டிஷ் கொடி ஏறியது. அதற்குப் பிறகு வந்தவனை 'வேண்டாம்' என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

இரண்டாவது வந்தவர் ஆர்தர் கிரிம்பிள். 1914-ல் சின்ன உத்தியோகஸ்தராக மனைவியோடு வந்து இறங்கினார். 1926 முதல் 1933 வரை அந்தத் தீவுகளுக்கெல்லாம் தலைமை அதிகாரி. ஓய்வுபெற்ற பிறகு ரேடியோவில் பேசினார். 1952-ல் 'எ பாட்டர்ன் ஆஃப் ஐலண்ட்ஸ்' வெளிவந்தது. ஏராளமாக விற்றது. 1956-ல் சினிமாவாகவும் வந்தது. அதே வருஷம் அவர் காலமானார்.

இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் பிரியம் கொள்ளாமல் இருப்பது சிரமம். கிரிம்பிளுக்குக் கதை சொல்லத் தெரியும். நடை லேசானது, சுத்தமானது. ஒன்றும் தெரியாத வெள்ளைக்காரப் பையனாக வந்து, ஒரு சின்னப் பெண்ணிடம் மரியாதை கற்றுக்கொள்கிறார். கிழவர்களிடம் வம்சாவளி கேட்கிறார். எண்காலி மீனுக்கு ஒருவன் தன்னையே இரையாகக் காட்ட, மற்றவன் அதைக் கொல்லும் விளையாட்டில் தாமே இரையாகத் தண்ணீரில் இறங்குகிறார். கனவில் போய்க் கடற்பன்றிகளை அழைத்து வருகிறவனைப் பற்றிய அத்தியாயத்தை ஒரு தரம் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். பாஷையை நன்றாகக் கற்றவர். அங்கே ஒரு குலத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர். பழங்கதைகளையும் சடங்குகளையும் அவர் எழுதிவைத்த குறிப்புகள் இன்றும் ஆராய்ச்சிக்காரர்களுக்கு உபயோகப்படுகின்றன. ஸ்டீவன்ஸனிடம் காணாத குடிஜனங்கள் எல்லோரும் இங்கே இருக்கிறார்கள், சிரிக்கிறார்கள். பரிகாசத்துக்கு ஆளாகிறவர் எப்போதும் கிரிம்பிள்தான்.

ஆனால் நம் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். யார் கப்பலில் வந்தார்? சர்க்கார் உத்தியோகத்தில் வந்தார். அந்த சர்க்காரின் தலைமை அலுவலகம் 1908 முதல் பனாபா என்ற தீவில் இருந்தது. வெள்ளைக்காரர்கள் அதை ஓஷன் தீவு என்றார்கள். சுமார் 6 சதுர கிலோமீட்டர் நிலம். அலுவலகம் அங்கே போனதற்குக் காரணம், தீவு முழுவதும் பாஸ்பேட்டாக இருந்ததுதான். 1900-ல் ஆல்பர்ட் எல்லிஸ் என்பவர் அதைக் கண்டுபிடித்து, வருஷத்துக்கு 50 பவுன் என்று 999 வருஷத்துக்கு ஒரு ஒப்பந்தம் எழுதி வாங்கினார். யாரிடம்? ராஜா என்று அவர்களாகவே பட்டம் கட்டிய ஒருவரிடம். 1920 முதல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து மூன்று சர்க்கார்களும் சேர்ந்து அந்த மண்ணை வெட்டி எடுத்தன. ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து வயல்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் உரமாகப் போனது அந்தத் தீவு. தீவுகளை ஆண்ட சர்க்காரின் வருமானத்திலும் பெரும்பகுதி அந்த மண்ணிலிருந்துதான் வந்தது.

1928-ல் இன்னும் நிலம் வேண்டும் என்று கேட்டார்கள். பனாபா ஜனங்கள் தரமாட்டோம் என்றார்கள். அப்போது தலைமை அதிகாரி கிரிம்பிள். ஆகஸ்டு மாதம் ஒரு கிராமத்தாருக்கு அவர்கள் பாஷையிலேயே ஒரு கடிதம் எழுதினார். சம்மதித்துக் கையெழுத்துப் போடாவிட்டால் நிலம் எப்படியும் எடுத்துக்கொள்ளப்படும், கிடைக்கிற பணமும் குறையும், உங்கள் கிராமத்தின் கதி என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். அவர் அவ்வளவு அருமையாகக் கற்றுக்கொண்ட பாஷை இதற்கும் பயன்பட்டது. 1931-ல் நிலம் கட்டாயமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பிறகு யுத்தம் வந்தது. ஜப்பானியர் பிடித்துக்கொண்டு ஜனங்களைப் பல தீவுகளுக்குத் துரத்தினார்கள். யுத்தம் முடிந்ததும், 1945 டிசம்பரில், மீந்தவர்களை 2,000 கிலோமீட்டருக்கு அப்பால், பிஜியைச் சேர்ந்த ராம்பித் தீவில் கொண்டுபோய் இறக்கினார்கள். அந்தத் தீவை வாங்கிய பணமும் பனாபாக்காரர்களுடைய பாஸ்பேட் பணம்தான். வெட்டி எடுப்பது 1979 வரை நடந்தது. 2 கோடி டன்னுக்கு மேல் போன பிறகு மிச்சம் இருப்பது சுண்ணாம்புப் பாறைக் கூம்புகள்.

பனாபாக்காரர்கள் லண்டனில் வழக்குப் போட்டார்கள். நீதிபதி மெகாரி தீவுக்கே போய்ப் பார்த்தார். 1976-ல் தீர்ப்பு வந்தது. சர்க்கார் தன் கடமையைச் செய்யவில்லை என்று நீதிபதிக்குப் பட்டது. ஆனால் அந்தக் கடமை கோர்ட்டு கட்டாயப்படுத்தக்கூடிய வகையைச் சேர்ந்ததல்ல என்றும் பட்டது. அந்த வழக்கில்தான் 1928 கடிதம் உலகத்துக்குத் தெரிந்தது.

ஒருவர் உத்தியோகத்தில் செய்ததை வைத்து அவர் எழுத்தை எடைபோடலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. அந்தப் புத்தகத்தின் கதை அவருடைய இளவயது வருஷங்களோடு நின்றுவிடுகிறது, 1928-ல் நடந்தது அதில் எப்படி வரும் என்றும் சொல்லலாம். கடிதம் எழுதியவர் பேனாவிலிருந்து வந்தது என்பதற்காகப் புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எண்காலி மீன் கதை இன்னும் நல்ல கதைதான். நான் சொல்வது இலக்கிய விஷயம். அந்தப் புத்தகத்தின் ஹாஸ்யத்துக்கு ஆதாரம் எது என்று பார்க்க வேண்டும். தம்மைத்தாமே கேலி செய்துகொள்கிறவரை நாம் உடனே நம்பிவிடுகிறோம். தம்மை உயர்த்திக்கொள்ளாதவர் நம்மை ஏமாற்றமாட்டார் என்று நினைக்கிறோம். ஆனால் கிரிம்பிளால் அவ்வளவு தாராளமாகச் சிரிக்கமுடிந்ததற்குக் காரணம், அவரை யாரும் வெளியே அனுப்ப முடியாது என்பதுதான். சின்னப் பெண் மரியாதை கற்றுக்கொடுக்கலாம், கிழவர் கண்டிக்கலாம். அதிகாரம் இருக்கிற இடத்தில் இருக்கும். ஸ்டீவன்ஸனின் புத்தகத்தில் ஹாஸ்யத்துக்கு அடியில் கொஞ்சம் பயம் ஓடுகிறது. ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டால் கப்பல் வரும்வரை சாப்பாட்டுக்கு வழியில்லை. கிரிம்பிளின் புத்தகத்தில் அந்தப் பயம் இல்லை. கடலிலும் பேய்க்கதைகளிலும் பயம் உண்டு, மனிதர்களிடம் இல்லை. தீவு ஜனங்களின் விருப்பு வெறுப்பு அவர் விதியைத் தீர்மானிக்கவில்லை. ஆகவே அவர்கள் எவ்வளவு உயிரோடு சித்திரிக்கப்பட்டாலும் பிரியமான குழந்தைகளாகவே நின்றுவிடுகிறார்கள். பிரியத்துக்கு உரியவர்கள் 'தரமாட்டோம்' என்று சொல்லும் நாளில் அந்தப் பிரியம் என்ன செய்யும் என்பதற்குப் புத்தகத்தில் விடை இல்லை. 1928-ல் விடை கிடைத்தது.

மூன்றாமவர் நம் காலத்தவர். மார்ட்டன் ட்ரூஸ்ட். 1990-க்குப் பிந்திய வருஷங்களில் இரண்டு வருஷம் டராவாவில் இருந்தார். 2004-ல் வெளிவந்த அவர் புத்தகத்துக்கு 'தி ஸெக்ஸ் லைவ்ஸ் ஆஃப் கானிபல்ஸ்' என்று பெயர். நரமாமிசம் தின்கிறவன் எவனும் புத்தகத்தில் இல்லை. தலைப்பு கடையில் விற்பதற்காக வைத்தது. தோழிக்கு அங்கே ஒரு தொண்டு ஸ்தாபனத்தில் வேலை. அவளோடு இவரும் போனார். நாவல் எழுதப் போவதாகச் சொல்லிக்கொண்டு போனவர் நாவல் எழுதவில்லை. யார் கப்பலில் வந்தார் என்ற கேள்விக்கு இவர் ஒளிக்காமல் பதில் சொல்லிவிடுகிறார்: வேலையில்லாமல், ஒருத்தியின் சம்பளத்தில் ஒட்டிக்கொண்டு வந்தேன் என்கிறார். அந்த அளவில் இவரிடம் ஒரு நேர்மை இருக்கிறது. வெயில், நாய்கள், டப்பா மீன், பியர் வராமல் போன நாட்கள், ஊரெல்லாம் ஓயாமல் ஒலித்த ஒரே சினிமாப் பாட்டு மாதிரியான மேல்நாட்டுப் பாட்டு என்று எழுதுகிறார். சிரிப்பு வருகிறது. பத்து நாளைக்கு வந்து யோசனை சொல்லிவிட்டுப் போகும் வெளிநாட்டு நிபுணர்களை அவர் கேலி செய்யும் பக்கங்கள் நல்ல பக்கங்கள். ஆனால் அந்தக் கேலியை டோங்கா வம்சத்தவரான எபெலி ஹவ்ஒஃபா 1983-லேயே 'டேல்ஸ் ஆஃப் தி டிகாங்ஸ்' என்ற கதைத் தொகுதியில் உள்ளிருந்தே செய்துவிட்டார். இவருடையதைவிட அதில் காரம் அதிகம்.

ட்ரூஸ்ட் புத்தகத்தில் எனக்குக் குறையாகப் படுவது வேறு. அவருடைய அவஸ்தைதான் கதை. தீவு அந்த அவஸ்தைக்குப் பின்திரை. அங்கே புபுஸி என்று ஒரு வழக்கம் உண்டு. உறவுக்காரன் ஒரு பொருளைக் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. கேட்டு வாங்கியவனிடம் நாளைக்கு இவன் கேட்கலாம். மழை தவறினால் பஞ்சம் வரும் பவழத் திட்டில் இது தர்மம் மட்டுமல்ல, பிழைக்கும் வழி. மூன்று யாத்ரிகர்களில் ட்ரூஸ்ட் இதை நன்றாகவே விளக்குகிறார். ஆனால் அவருக்கு அது பார்த்து வியக்க வேண்டிய ஊர்வழக்கம். ஒரு தீவில் இரண்டு வருஷம் சாப்பிட்டவனுக்கும் அந்த வழக்கம் பொருந்துமா, புத்தகம் எழுதி விற்றவனிடம் அந்த ஊர் எதைக் கேட்கலாம் என்ற யோசனை அவருக்கு வரவில்லை.

யார் கப்பல் என்ற கேள்வியை நான் இவ்வளவு வற்புறுத்துவது தமிழ் வாசகர்களுக்கு விசித்திரமாகப் படாது என்று நினைக்கிறேன். பனாபாக்காரர்களைக் குடியேற்றிய பிஜிக்கு 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். 1916 வரை அந்தக் கப்பல்கள் ஓடின. பாரதி அந்தத் தீவைக் கண்ணால் கண்டவரல்ல. கரும்புத் தோட்டத்தில் நம் பெண்கள் படும் பாட்டைப் பாடினார். தீவின் அழகு அவர் பாட்டில் இல்லை. கப்பலில் போனவர்கள் இருக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்த எத்தனையோ வெள்ளைக்காரர்களுக்குத் தெரியாத பிஜி, போகாத அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி நான்காவதாக ஒரு புத்தகத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். இதைத் தீவுப் பிரயாண நூல் என்று புத்தகக் கடைக்காரர்கள் அடுக்கமாட்டார்கள். கதரினா டெயாய்வா என்ற அம்மாள் பனாபா வம்சத்தில் வந்தவர், பிஜியில் வளர்ந்தவர், ஆஸ்திரேலியாவில் சர்வகலாசாலை ஆசிரியர். 2015-ல் 'கன்ஸ்யூமிங் ஓஷன் ஐலண்ட்' என்ற நூலை எழுதினார். ஆராய்ச்சி நூல்தான். சில இடங்களில் கலாசாலைப் பரிபாஷை நம்மைத் தடுக்கிறது. ஆனால் அதன் எலும்புக்கூடு ஒரு யாத்திரை. தம் முன்னோர்களின் நிலம் எங்கே என்று தேடிக்கொண்டு புறப்படுகிறார். பனாபாவில் பாறைதான் இருக்கிறது. மண் கப்பலேறிப் போய்விட்டது. ஆகவே மண் போன இடங்களுக்கெல்லாம் போகிறார்: ராம்பிக்கு, டராவாவுக்கு, ஆஸ்திரேலியாவுக்கு, நியூஸிலாந்துக்கு, பழைய கோப்புகள் அடுக்கிய ஆவணச்சாலைகளுக்கு. மாடு மேயும் பசும்புல்லில் தம் தீவு இருக்கிறது என்கிறார். தீவுக்காரி யாத்ரிகையாகிவிட்டார், கண்டம்தான் இப்போது பார்க்கப்படுகிறது. ஸ்டீவன்ஸனைக் கப்பலில் உட்கார்த்திவைத்துப் பரீட்சை செய்த டெம்பினோக்கின் பார்வை, நூறு வருஷத்துக்கு மேல் அடங்கிக் கிடந்துவிட்டு, இந்தப் புத்தகத்தில் மறுபடி வருகிறது.

நான் முன்பு சொன்ன ஹவ்ஒஃபா 1993-ல் ஒரு கட்டுரை எழுதினார். கண்டத்திலிருந்து வருகிறவனுக்குப் பசிபிக் என்பது தொலைதூரக் கடலில் புள்ளிபுள்ளியாக நிலம். அங்கே பிறந்தவனுக்கோ அது தீவுகள் நிறைந்த ஒரு பெரிய வீடு, கடல் அந்த வீட்டின் வாசல் என்பது அவர் வாதம். சின்ன இடம், ஒரு மாதத்தில் முழுவதும் பார்த்துவிடலாம் என்று யாத்ரிகன் நினைப்பது முதல் புள்ளியிலேயே தவறு என்று இதனால் ஆகிறது. ஒரு திட்டைச் சுற்றி நடந்துவிடலாம். அந்தத் திட்டைப் பிஜியோடும் நியூஸிலாந்தோடும் பாஸ்பேட் கம்பெனிகளோடும் கட்டியிருக்கிற கயிறுகளைச் சுற்றி நடக்க ஒரு ஆயுள் போதாது.

இப்போது யார் வேண்டுமானாலும் பிஜியிலிருந்து விமானம் ஏறி டராவாவில் இறங்கலாம். கம்பெனி ஏற்பாடு வேண்டாம், துணை வேண்டாம், தானே தன்னந்தனியாகச் சிறு தீவுகளைச் சுற்றப்போகிறேன் என்று போகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். சுதந்திரமான பிரயாணம் என்று அதற்குப் பெயர். அந்தத் தீவுகளில் ஒவ்வோர் ஊரிலும் மனேயாபா என்ற பெரிய கூரைமண்டபம் இருக்கிறது. ஒவ்வொரு குலத்துக்கும் அதில் உட்காரும் இடம் பரம்பரையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. வந்தவனுக்குத் தானாக ஒரு இடம் கிடையாது. ஊர்க் கிழவர்கள் காட்டிய இடத்தில் உட்கார்ந்து, தான் யார், எங்கிருந்து, எதற்கு வந்தான் என்று சொல்ல வேண்டும். புறப்படும்போது யாரையும் கேட்க வேண்டாம் என்பது அவன் சுதந்திரம். இறங்கிய பிறகு கேட்டுத்தான் உட்கார வேண்டும் என்பது அவர்கள் சுதந்திரம். இரண்டாவதற்கு இடம் கொடுக்காத பிரயாணத்துக்கு முதலாவது மட்டும் இருந்து என்ன பிரயோஜனம் என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தீவுகளைப் பற்றி இன்னும் பல புத்தகங்கள் வரும். கடல் ஏறி வருகிறது, தீவு மறையப்போகிறது என்ற பேச்சு வலுத்த பிறகு, மறைவதற்குள் பார்த்து எழுதிவிட வேண்டும் என்று பலர் புறப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் நடை அழகாக இருக்கட்டும். ஜனங்களிடம் பிரியமும் இருக்கட்டும். எந்தக் கப்பலில் வந்தேன், யார் காட்டிய இடத்தில் உட்கார்ந்தேன், அவர்கள் எதைத் தர மறுத்தார்கள் என்பதற்கும் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்களா என்று வாசகர்கள் பார்க்க வேண்டும். ஸ்டீவன்ஸன் ஒதுக்கினார். அதனால்தான், சலிப்பூட்டும் அத்தியாயங்கள் சில இருந்தும், மூவரில் அவரையே நான் மறுபடியும் எடுத்துப் படிக்கிறேன்.